எந்திரி அவர்களுக்கு அன்பளிப்பாக ஒரு கார்

எங்கள் ஊரில் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் பையைத் திறந்து ஒரு பனியனை எடுத்து மேசைமேல் போடுவார். அந்த மாதிரிக் காலரை நாங்கள் ஜென்மத்தில் பார்த்திருக்க மாட்டோம். பக்கவாட்டில் எதற்கென்றே புரியாத ஒரு ஜிப் இருக்கும். "சாம்பிள் இருக்குதுல்லீங்க? பண்ணிரலாமுங்க" என்று சொல்லி அவரை வண்டியேற்றி அனுப்பிய பிறகுதான் அந்த ஜிப்பைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். திருப்பூர் இப்படித்தான் வளர்ந்தது. நானும் இப்படித்தான் மானம் கெட்டேன். ஒரே வித்தியாசம், என் கைக்கு வந்த சாம்பிள் ஒரு காரின் புகைப்படம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை. கொமரலிங்கத்தில் நெல்லுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே வளர்ந்தவன் நான். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்திருந்தேன். அதாவது, காரின் எல்லாப் பாகங்களையும் படம் வரைந்து பெயர் எழுதத் தெரியும். நேரில் பார்த்தால் அடையாளம் தெரியாது. மாமனாருக்குத் திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனி. மாப்பிள்ளை படித்தவர், இங்கிலீஷ் பேசுவார் என்று என்னை அங்கே மெர்ச்சன்டைசராக உட்கார வைத்தார்கள். (வெளிநாட்டுக்காரர் எது கேட்டாலும் 'எஸ்' சொல்லிவிட்டு, பிறகு உள்ளே போய் எல்லாரிடமும் திட்டு வாங்குகிற வேலைக்கு அந்தப் பெயர்.)

மாமனார் அதிகம் பேசமாட்டார். மாப்பிள்ளையைக் கடிந்து ஒரு சொல் சொல்வது முறையில்லை என்று நினைப்பவர். அதனால் அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "அப்படியா மாப்ள" என்றால் எல்லாம் சரி. "அப்படீங்களா மாப்ள" என்றால் எங்கேயோ தப்பு. "அப்படீங்களாங்க மாப்ளைங்க" என்று வந்துவிட்டால் நான் உடனே ஏதாவது அவசர வேலையாக பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விடுவேன்.

எங்களிடம் சரக்கு வாங்கிய பையர்களில் பெரியவர் ஹென்ரிக். டென்மார்க்காரர். எங்கள் ஆபீசுக்குள் நுழையும்போது நிலைப்படிக்கு ஒரு முறை குனிந்து, உள்ளே வந்ததும் ஃபேனுக்கு இன்னொரு முறை குனிவார். அவர் பெயர் மாமாவின் வாயில் நுழையவில்லை. "எந்திரிக்கு" என்றார். அன்றிலிருந்து கம்பெனியில் எல்லாருக்கும் அவர் எந்திரிக்குத் துரை.

அந்தத் தடவை வந்தபோது ஹென்ரிக் முகம் சரியில்லை. நாங்கள் அனுப்பிய சிவப்பு டீ-ஷர்ட் சாயம் போயிருந்தது. அங்கே யாரோ ஓர் அம்மாள் அதை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்துவிட, இப்போது அந்தக் குடும்பமே ரோஸ் நிற உள்ளாடையோடு திரிகிறதாம். அடுத்த லாட்டுக்காகச் சாயம் போட்டு வைத்திருந்த சிவப்புத் துணி முழுவதும் எங்கள் குடோனில் முடங்கிப்போனது.

"அடுத்த முறை நான் வந்ததும் முதலில் பார்க்கப்போவது உங்கள் சிவப்பைத்தான்" என்றார் ஹென்ரிக். "அது சரியாக இருந்தால் வரும் கோடைக்கான மொத்த ஆர்டரும் உங்களுக்கு. இல்லாவிட்டால் நாம் நண்பர்களாக மட்டும் இருப்போம்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மாமா தலையாட்டினார். "செவப்பை நீங்க பாத்துக்குங்க மாப்ள" என்றார். என் பொறுப்பு அவ்வளவுதான். ஒரே ஒரு நிறம்.

அன்று மதியம் சாப்பிடும்போது ஹென்ரிக் பர்ஸிலிருந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். மனைவி மக்கள் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். ஒரு கார். மேற்கூரை இல்லாத, தாழ்ந்த, நீண்ட மூக்குள்ள ஸ்போர்ட்ஸ் கார். அதன் முன்னால் தொப்பி போட்ட ஒரு மனிதர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். அவருடைய அப்பா. அந்தக் காரைத் தயாரித்தவர்கள் மிகக் கொஞ்சமாகத்தான் செய்தார்களாம். ஹென்ரிக் சிறுவனாக இருந்தபோது குடும்பக் கஷ்டத்தில் அப்பா அதை விற்றுவிட்டார். இன்றுவரை அதுபோல் இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கண்ணில்கூடப் படவில்லை என்றார். "ரத்தச் சிவப்பு" என்று சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் "அடடா" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். நான் படத்தை வாங்கிக்கொண்டு போய் ஜெராக்ஸ் எடுத்தேன்.

மாமாவிடம் அன்று மாலையே சொன்னேன். "துரை அடுத்த வாட்டி வர்றப்ப, அவிய அய்யன் வெச்சிருந்த காரையே செஞ்சு, அதுலயே அவரைக் கூட்டிட்டு வந்தரலாமுங்க மாமா. அப்பறம் நமக்கு ஆர்டர் குடுக்காம எங்க போவாருங்க?"

மாமா ஜெராக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல ரோசனைதான். செவப்பு என்னாச்சு மாப்ள?"

"அது ஒருபக்கம் ஆயிட்டிருக்குதுங்க மாமா."

(ஒருபக்கமும் ஆகவில்லை.)

என் மனைவி சுமதி மட்டும் ஜெராக்ஸைப் பார்க்கவே இல்லை. "ஏனுங்க, நம்ம ஊட்டு மிக்சி ஆறு மாசமா ஓடுல. கார் செய்யறதுக்கு முந்தி அதைச் சித்தெ பாத்துக் குடுத்தர்றீங்களா?" என்று கேட்டாள். நான் அவளுக்குப் பெரிய விஷயங்கள் புரியாது என்று முடிவு செய்தேன்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு ஷெட் இருந்தது. அதில் மாமா ஓட்டி ஓய்ந்த ஓர் அம்பாசிடர் நின்றது. அதன் மேல்பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தின்மேல் புது உடம்பு கட்டுவது என் திட்டம். இன்ஜின் வேலைக்கு சேவியர் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்து மெக்கானிக். மண்ணரையில் ஜெனரேட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். உடம்புக்கு அனுப்பர்பாளையத்திலிருந்து பொன்னுசாமியை வரவழைத்தேன். பித்தளைப் பாத்திரம் அடிப்பவர். கார் செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "கார் என்னங்க கார், கவுத்து வெச்சா அண்டா. நிமித்துனாக் கார்" என்றார். எனக்கு அந்தத் தன்னம்பிக்கை பிடித்துவிட்டது. எனக்கும் அப்போது அதே நோய்தான்.

சிக்கல் ஜெராக்ஸில் ஆரம்பித்தது. ஹென்ரிக்கின் அப்பா நல்ல ஆகிருதி. காரின் நடுப்பாகத்தை முழுவதுமாக மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். அங்கே கதவு இருந்ததா, கைப்பிடி இருந்ததா, ஒன்றும் தெரியாது.

"படத்துல கதவே இல்லீங்களே" என்றார் பொன்னுசாமி.

நான் யோசித்தேன். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் துள்ளி ஏறி உட்காருகிறவர்கள் அல்லவா? "கதவு கெடையாது. அப்படியே தாண்டி ஏறிக்க வேண்டியதுதான்" என்று தீர்ப்பு சொன்னேன். பொன்னுசாமிக்குப் பரம திருப்தி. கதவு இல்லாத பாத்திரங்களைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் செய்திருக்கிறார்.

பானெட்டின்மேல் ஒரு வட்டமான கறுப்பு இருந்தது. இன்ஜினுக்குக் காற்றுப் போகிற ஓட்டை என்று நான் விளக்கினேன். பொன்னுசாமி அதைக் கச்சிதமாக வெட்டி, விளிம்பைத் தவலை வாய் மாதிரி மடித்து அழகு செய்தார். முன் விளக்குகளுக்கு இரண்டு குண்டாக்கள். பின்பக்கம் படத்தில் தெரியவே தெரியாது என்பதால், அவர் இஷ்டத்துக்கு விட்டேன். அது கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டாவைப் படுக்கப்போட்டது மாதிரி வந்து நின்றது.

சேவியர் வந்து சுற்றிப் பார்த்தார். "அண்ணாச்சி, வெளிப்படையா கேக்கேன், இதுல நாம ஊருக்குப் போவப் போறமா, சோறு பொங்கப் போறமா?"

பொன்னுசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஓட்டை ஒடைசலைச் செஞ்சு குடுக்க என்னைய யாருன்னு நெனச்சீங்க? அடித்தளத்துல இருந்த சந்து பொந்தையெல்லாம் ஈயம் வெச்சு அடைச்சிருக்கறனுங்க. தண்ணி ஊத்திப் பாருங்க. ஒரு சொட்டு ஒழுகுனா எம்பேரை மாத்திக்கறேன்."

சொன்னதோடு நிற்காமல் ஹோஸைப் போட்டு, சீட் வைக்கிற மட்டம்வரை தண்ணீரை நிரப்பியே காட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் கைதட்டினேன். (ஆமாம், கைதட்டினேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ.)

பிறகு சிவப்புப் பெயின்ட் அடித்தோம். சீட்டுகளுக்குத் துணி வேண்டும். ரெக்சின் வாங்கலாம் என்றார் சேவியர். நான்தான், குடோனில் அவ்வளவு துணி சும்மா கிடக்கும்போது வெளியே எதற்கு வாங்க வேண்டும் என்று சிக்கனம் பார்த்தேன். அதே சிவப்புத் துணியை மூன்று மடிப்பாக மடித்து, பஞ்சு திணித்து, எங்கள் டெய்லர்களையே வைத்துத் தைத்து மாட்டினேன். காரின் நிறத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. சிவப்புப் பிரச்சினை இப்படித் தீர்ந்ததில் எனக்கே என்மேல் மதிப்பு கூடியது.

முடிந்த பிறகு மாமா வந்து பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுச் சுற்று வந்தார். "நல்லா இருக்குது மாப்ள" என்றார். கொஞ்சம் தள்ளிப்போய் நின்று மறுபடி பார்த்தார். "எந்தப் பக்கம் முன்னால?"

ஐப்பசி மாதம் ஹென்ரிக் வந்தார். கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. கிளம்பும் காலையில் ஷெட்டுக்குப் போனால் பொன்னுசாமி உளியும் சுத்தியலுமாக பானெட்டின்மேல் குனிந்திருந்தார். பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவது போல், புள்ளி புள்ளியாகக் கொத்தி முடித்திருந்தார். சிவப்புப் பெயின்டுக்கு நடுவே பித்தளை எழுத்துகள் தங்கமாக மின்னின: 'திரு. எந்திரி அவர்களுக்கு அன்பளிப்பு.'

"யாருங்க எந்திரி?" என்றேன்.

"துரைங்க. எல்லாரும் அப்படித்தான கூப்புடறீங்க? பேரு வெட்டாம ஒரு சாமானை எப்புடீங்க குடுக்கறது?"

பேச நேரமில்லை. சேவியர் தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பினார். "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுங்க. வழியில எங்கயும் ஆஃப் பண்ணிராதீய. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலும் நின்னுரும். நின்னுட்டுன்னா தள்ளுறதுக்கு ஆறு ஆளு வேணும்."

விமான நிலையத்தில் ஹென்ரிக் வெளியே வந்தார். பளீரென்று பாலாடை நிறத்தில் கோட்டும் பேன்ட்டும். நான் ஆக்சிலேட்டரில் வைத்த காலை எடுக்காமல் எழுந்து நிற்க முயன்று, கையை மட்டும் நீட்டிக் காரைக் காட்டினேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். காரை மெதுவாகச் சுற்றி வந்தார். குனிந்து குண்டா விளக்குகளைத் தொட்டார். எழுத்துகளைத் தடவினார். எனக்குக் கண் கலங்கியது. அப்பாவை நினைக்கிறார் பாவம் என்று நினைத்தேன்.

"மிக அழகு" என்றார் கடைசியில். "உங்கள் ஊர்க் கோயில் வாகனமா? திருவிழாவுக்கா?"

நியாயமாக அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஜெராக்ஸ் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அத்தனை மாத உழைப்பைப் பார்த்து ஒரு மனிதர் திருவிழாவா என்று கேட்ட பிறகு, இல்லை ஐயா, இது உங்கள் அப்பாவின் கார் என்று எந்த வாயால் சொல்வது?

"எஸ்" என்றேன். பழக்க தோஷம்.

அவர் உற்சாகமாகக் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தார். நான் என் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்த கார் அது. அவருடைய முழங்கால்கள் டேஷ்போர்டுக்கு அடியில் போய்ச் சொருகிக்கொண்டன. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். கிளம்பினோம். அவினாசி ரோட்டில் டீக்கடை டீக்கடையாக ஜனம் எழுந்து நின்று பார்த்தது. ஹென்ரிக் எல்லாருக்கும் கையசைத்தார். அரை மணி நேரம் நான் உலகத்திலேயே சந்தோஷமான மெர்ச்சன்டைசராக இருந்தேன்.

அவினாசிக்குச் சற்று முன்னால் மழை பிடித்தது.

ஐப்பசி மழை தூறிப் பழகி வருவதெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. கூரை கிடையாது. ஒதுங்கி நிற்கவும் முடியாது, நின்றால் ஆறு ஆள் வேண்டும். ஹென்ரிக் பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டார். நான் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். எதிரே வந்த லாரிகள் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஓர் அலையை உள்ளே வீசிவிட்டுப் போயின.

கொஞ்ச நேரத்தில் காலில் ஜில்லென்றது. குனிந்து பார்த்தேன். பொன்னுசாமியின் கைவேலை. உள்ளே விழுந்த தண்ணீரில் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. பாதம், கணுக்கால் என்று மெல்ல ஏறி, தாழ்வாக வைத்திருந்த சீட்டைத் தொட்டது. பெடல்கள் தண்ணீருக்குள் இருந்தன. பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் போன தண்ணீர், வேகம் எடுத்தால் எங்கள் இருவரின் மடிக்கும் வந்து போனது.

"உங்கள் ஊர் மண் சிவப்போ?" என்று ஹென்ரிக் தண்ணீரைப் பார்த்துக் கேட்டார்.

"எஸ்" என்றேன். சொன்ன பிறகுதான் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஊர் மண் அவ்வளவு சிவப்பில்லை.

அனுப்பர்பாளையத்தைத் தாண்டித்தான் திருப்பூருக்குள் போக வேண்டும். கார் வருகிற சேதி பொன்னுசாமி வகையறாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. பட்டறை வாசல்களில் கூரைக்கடியில் கூட்டமாக நின்றார்கள். மெதுவாகப் போகும்போது ஒருவர் மழையிலேயே இறங்கி ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஒழுகுதுங்களா?"

"இல்லீங்க!"

"ஒழுகுல!" என்று அவர் திரும்பிக் கத்தினார். பட்டறை முழுவதும் கைதட்டியது. ஹென்ரிக் அவர்களுக்கும் கையசைத்தார்.

மண்ணரையில் கம்பெனி வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மாமா மாலையோடு நின்றார். செக்கிங் பிரிவுப் பெண்கள் இரண்டு பேர் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். டெய்லர்கள் எல்லாரும் மெஷினை விட்டு வெளியே வந்திருந்தார்கள். சுமதியும் வந்திருந்தாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பானெட் ஓட்டை வழியாக இன்ஜினில் இறங்கிய தண்ணீரும் சரியாக அங்கேதான் தன் வேலையைக் காட்டியது. கேட்டுக்குள் நுழைந்ததும் கார் ஒரு விக்கல் விக்கி நின்றது.

துரை இறங்குவதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள். துரையால் எழ முடியவில்லை. முழங்கால் இரண்டும் சிக்கிக்கொண்டுவிட்டன. கையை ஊன்றி முக்கினார். கார் மட்டும் ஆடியது. முன்வரிசையில் நின்ற ஒரு பெண் பானெட்டில் இருந்ததை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்: "திரு... எந்திரி..."

இரண்டு டெய்லர்கள் ஓடிவந்து அவருடைய கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். 'சளக்'கென்று ஒரு சத்தத்தோடு முழங்கால்கள் விடுபட, ஹென்ரிக் சீட்டின்மேல் ஏறி நின்றார்.

இடுப்புக்கு மேலே பாலாடை நிறம். இடுப்புக்குக் கீழே ரத்தச் சிவப்பு. பேன்ட்டிலிருந்து சிவப்புச் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆரத்தித் தட்டு கீழே விழுந்தது. "அட கெரகமே! துரைக்கு அடி பட்டிருச்சு! டாக்டரைக் கூப்புடுங்க!" என்று மாமா மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் சத்தம் போட்டு அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். நான் எழுந்து, "ஒண்ணுமில்லீங்க மாமா" என்றேன். எழுந்ததுதான் தப்பு. என் வெள்ளைப் பேன்ட்டும் அதே கதி. "மாப்ளைக்குமுங்க!" என்று இன்னொரு குரல் அலறியது. சுமதி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு மட்டும் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. தலையில் கைவைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

அடுத்த தெரு டாக்டர் பையோடு வந்துவிட்டார். ஹென்ரிக்கை பெஞ்சில் உட்காரவைத்து, பேன்ட்டை விரலால் தொட்டு, மோந்து பார்த்தார். திருப்பூர் டாக்டர் அல்லவா? "ரத்தமில்லீங்க. சாயம். சரியா வாஷ் பண்ணுல போல இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

ஹென்ரிக் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். காருக்குப் போய் சீட்டின்மேல் நன்றாக அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாயம் போகிறதா என்று துணியில் இப்படித்தான் தேய்த்துப் பார்ப்பார்கள்.

"இந்தச் சிவப்பை எனக்குத் தெரியும்" என்றார் என்னிடம்.

மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கைக்குட்டை தெரியும். முகம் வெளுத்து நின்றார். பிறகு, கடைசி ஆயுதத்தை எடுப்பது போல், தாழ்ந்த குரலில் கேட்டார்: "மாப்ள, இது அவிய அய்யன் காருன்னு துரைகிட்டச் சொன்னீங்களா?"

"இன்னும் இல்லீங்க மாமா."

"அப்படீங்களாங்க மாப்ளைங்க."

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற கோலத்தில் நான் இல்லை. சொன்னேன். பேன்ட்டிலிருந்து சிவப்பு சொட்டச் சொட்ட, அத்தனை பேர் முன்னிலையில், இது கோயில் வாகனம் இல்லை, உங்கள் அப்பாவின் கார் என்று ஹென்ரிக்கிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னேன். நனைந்த ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தேன். அவர் தன் பர்ஸிலிருந்து அசலை எடுத்தார். ஜெராக்ஸைப் பார்த்தார், அசலைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"பானெட்டில் அந்த ஓட்டை?"

"காற்று போவதற்கு. படத்தில் இருக்கிறதே."

அவர் அசலை என் கண் முன்னால் நீட்டி விரலை வைத்துக் காட்டினார். "அது என் அப்பாவுடைய தொப்பியின் நிழல்."

வரும் கோடைக்கான ஆர்டர், டெய்லர்களின் வேலை, மாமாவின் பேர் எல்லாம் அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பதில் தொங்கிக்கொண்டிருந்தன. ஹென்ரிக்கின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று மாமா பதறித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வராமல் ஆரம்பித்து, அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து, தொடையில் அடித்துக்கொண்டு, சிவப்புக் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டு சிரித்தார். முதலில் டெய்லர்கள் சிரித்தார்கள். பிறகு டாக்டர். மாமா மட்டும் சிரிப்பதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார்.

சிரித்து ஓய்ந்ததும் ஹென்ரிக் பெட்டியிலிருந்து கேமராவை எடுத்து என்னிடம் கொடுத்தார். காரின் முன்னால் போய், படத்தில் அவர் அப்பா நின்ற அதே இடத்தில், அதே மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றார். அவரும் அப்பாவைப் போல ஆகிருதி. நடுப்பாகம் முழுவதும் மறைந்துவிட்டது. கேமரா வழியாகப் பார்த்தேன். மூக்கு கொஞ்சம் தெரிந்தது, வால் கொஞ்சம் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு கோணத்தில் அது அந்தக் கார்தான்.

"இடுப்புக்கு மேலே மட்டும் எடு" என்றார்.

ஆர்டர் கொடுத்தார். எதிர்பார்த்ததில் பாதிதான். ஆனாலும் கொடுத்தார். அந்த சீசனுக்கு எங்களுக்கு வந்த ஆர்டரில் ஒரே ஒரு நிறம்தான் இருந்தது: வெள்ளை. அதற்கடுத்த சீசனும் வெள்ளை. மூன்றாவது சீசனில் பயந்து பயந்து இளமஞ்சள் கேட்டார். சிவப்பை எங்களிடம் மறுபடி கேட்க அவருக்கு வெகுகாலம் பிடித்தது. அதற்குள் மாமா சாயப் பிரிவை என்னிடமிருந்து வாங்கி சுமதியிடம் கொடுத்திருந்தார். (சிவப்பு அதற்குப் பிறகு போனதே இல்லை. மிக்சியையும் அவளேதான் சரிசெய்தாள்.)

கார் ஷெட்டிலேயே நின்றது. தண்ணீர்ப் பஞ்சம் வந்த ஒரு வருஷம் முழுவதும் கம்பெனிக்கு அதுதான் தொட்டி. பொன்னுசாமி வாடிக்கையாளர்களைக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போவார். எங்கள் பக்கம் பாத்திரத்தைப் போசி என்போம். கம்பெனி போர்டில் மாமாவின் தாத்தா பெயர் பெரிதாக எழுதியிருந்தாலும், ஆட்டோக்காரர்களிடம் "போசிக் கார் கம்பெனி" என்று சொன்னால்தான் வழி தெரிந்தது.

பல வருஷம் கழித்து மாமா புதுக் கார் வாங்க ஆசைப்பட்டார். நான், சுமதி, அவர் மூன்று பேரும் கோயமுத்தூர் ஷோரூமுக்குப் போனோம். டை கட்டிய ஒரு பையன் ஏசி, பவர் ஸ்டியரிங், மைலேஜ் என்று மூச்சுவிடாமல் சொன்னான். மாமா ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே குடிக்க வைத்திருந்த தண்ணீரில் தன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்தார். கார்க் கதவைத் திறந்து, சீட்டின்மேல் அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டையை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பின்சீட்டுக்குப் போய் அங்கேயும் தேய்த்தார்.

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஐயா, ஏதாவது கறை இருக்குதுங்களா?"

மாமா கைக்குட்டையை நிதானமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி. எங்க மாப்ளைங்க முன்னால கார் கம்பெனி வெச்சிருந்தாருங்க."